தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க

16.8.82, திங்கள்

இன்று பச்சையம்மா தடுமாறிவிட்டாள். கட்டிலிலிருந்து என்னைத் தூக்கிக் குளியலறைக் கல்லில் உட்காரவைப்பதை எப்போதும் ஒரே மூச்சில் செய்துவிடுவாள். இன்று பாதி வழியில் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்லீங்க நர்சம்மா. தல சுத்துது."

அவள் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது நிதானமாகப் பார்த்தேன். அந்த முகம், அந்த நடை. ஐந்து மாதம்! பதினோரு வருஷம் இந்த மலையில் ஊர் ஊராக ஏறி இறங்கிப் பிரசவம் பார்த்தவள் நான். தினமும் என்னைத் தொட்டுக் குளிப்பாட்டுகிறவளின் வயிறு என் கண்ணில் படவில்லை. என் இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது, நடக்கவில்லை என்று பார்ப்பதிலேயே ஒரு வருஷம் போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வோணாம்னுடுவீங்க. அப்புறம் உங்கள யாரு குளிப்பாட்டறது?" என்றாள்.

நாளையிலிருந்து அவள் என்னைத் தூக்கக் கூடாது.

17.8.82

இவர் குளிப்பாட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். காதுக்குள் சோப்பு.

20.8.82, வெள்ளி

டாக்டரம்மா வந்திருந்தார். நல்ல சேதி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று எனக்காகக் கேட்டிருக்கிறாராம். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பரிசோதனை நாள் அன்று பெண்களைப் பார்ப்பது. மேலிடத்தில் சம்மதம்தான். ஆனால், "பிறர் துணையின்றித் தன் காரியங்களைத் தானே செய்துகொள்கிறார்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். டிசம்பர் கடைசிக்குள். இல்லையென்றால் உடல்நலக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"பொய்க் கையெழுத்து போடமாட்டேன் நீலாவதி. போடற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றார்.

போன வருஷம் ஜூனில் மலைப்பாதையில் ஜீப் உருண்டதிலிருந்து இதுவரை நானாகச் செய்துகொண்டது என்ன? சாப்பிடுகிறேன். தலை வாரிக்கொள்கிறேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகர்ந்து ஏறுகிறேன். அதை வேலூர் ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டார்கள். மலஜலத்துக்கும் அங்கே சொல்லிக்கொடுத்தபடி ஒரு ஏற்பாடு இருக்கிறது. குளியல்தான் முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாற்காலியிலேயே உட்கார்ந்து குளித்தால் நாற்காலி துருப்பிடிக்கும், அடியில் ஈரம் நின்று புண் வரும். குனிந்து வாளியில் மொண்டால் முன்னால் விழுவேன். விழுந்தும் பார்த்தாகிவிட்டது.

22.8.82, ஞாயிறு

இவர் காலையில் எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

சின்னதம்பியின் கொல்லையில் ஒரு தொட்டி இருக்கிறதாம். ஏதோ ஒரு வெள்ளைக்காரன் இங்கே தோட்டம் போட வந்து பங்களா கட்டினான். பங்களா இடிந்துபோய்விட்டது, குளிக்கிற தொட்டி மட்டும் மிச்சம். ஆள் நீளம், வார்ப்பிரும்பு, உள்ளே வெள்ளைப் பூச்சு, நாலு கால். சின்னதம்பியின் எருமைகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

"அதுல என்னைப் படுக்கவச்சா யாரு தூக்கறது?" என்றேன்.

"படுக்க வோணாம் நீலா. குறுக்கே ஒரு பலகை. நாற்காலியிலருந்து பலகைக்கு நகந்துட்டேன்னா காலு தொட்டிக்குள்ள, தண்ணி தொட்டிக்குள்ள. நாற்காலி நனையாது."

இவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது. ஆனால் இதை யோசித்திருக்கிறார். எத்தனை நாளாக?

"மொண்டு ஊத்த முடியாதே" என்றேன்.

"டெலிபோன் ஷவர்" என்றார். டெலிபோன் மாதிரி கையில் பிடித்துக்கொள்வதாம். குழாயிலிருந்து நீண்ட ட்யூப், முனையில் பூவாளி. வேலூரில் ஒரு கடையில் பார்த்திருக்கிறார்.

5.9.82, ஞாயிறு

தொட்டி வந்தது. மாட்டுவண்டியில் ஏற்ற எட்டுப் பேர், இறக்க ஒன்பது பேர். பதிலுக்குச் சின்னதம்பிக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டோம். "எரும எதுல வோணா குடிக்கும். அதுக்கு இன்னா தெரியும்" என்றார் அவர்.

குளியலறைக் கதவை நிலையோடு பிடுங்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். விளிம்பு நாற்காலியைவிட நாலு விரல் உயரம். தரையைத் தோண்டி இறக்கவேண்டும்.

அடியில் பாசி. எதையும் தூக்கமாட்டேன் என்று பச்சையம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தேய்க்க மட்டும் விட்டேன். தேங்காய் நாரும் சாம்பலும். வெள்ளை வெளேரென்று வந்துவிட்டது.

19.9.82, ஞாயிறு

தரையைத் தோண்டித் தொட்டியை இறக்கியாகிவிட்டது. பலாப் பலகையும் வந்துவிட்டது. நழுவாமல் இருக்க அடியில் இரண்டு சட்டம். ஆடை மாற்றாமல், தண்ணீர் இல்லாமல், நாற்காலியிலிருந்து நகர்ந்து பார்த்தேன். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பலகையில் இருந்தேன்! இரண்டு கையாலும் என் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டிக்குள் விட்டேன். பிறகு திரும்பி வந்தேன். பதினாறு தடவை. தோள் கழன்றுவிடும் போல வலி. நல்ல வலி.

2.10.82

கணியம்பாடி கோபால்சாமி வந்தார். பஞ்சாயத்துக்குக் குழாய் போடுகிற ஃபிட்டர், இங்கே விடுதி வேலைக்கு வந்தவரை இவர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். டெலிபோன் ஷவரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ராங் நம்பர் வராதே?" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தேன்.

சிரிப்பு அதோடு சரி. தொட்டியின் பழைய பித்தளைக் குழாயில் ஷவரின் மரை சேரவில்லை. அது வெள்ளைக்காரன் காலத்து அளவு, இது இந்தக் காலத்து அளவு. சணல் சுற்றி, களிம்பு பூசி இறுக்கிப் பார்த்தார். இறுகியது மாதிரி இருந்தது, தண்ணீர் விட்டதும் தெறித்துக்கொண்டு வந்து அவர் நெற்றியில் அடித்தது.

"தொட்டிக் கொழாய வுட்டுடலாம். செவுத்துல வேற பைப்பு இழுத்து வச்சிக்கலாம், வாத்தியாரே" என்றார். அப்படியே செய்வதாக முடிவு.

10.10.82, ஞாயிறு

சுவரில் புதுக் குழாய். கூரைமேல் டிரம்மை வைத்து நிரப்பினார்கள். நான் பலகையில் உட்கார்ந்து ஷவரைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

மடிக்கு இறக்கினால் கொஞ்சம் வருகிறது. தலைக்குத் தூக்கினால் நின்றுவிடுகிறது. இவர் உடனே ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். டிரம்முக்கும் என் தலைக்கும் உயர வித்தியாசம் இரண்டரை அடிதான். எங்கிருந்து வேகம் வரும்?

வீட்டுக்குப் பின்னால் மேடு இருக்கிறதே, டிரம்மை அங்கே ஏற்றினால்? மலையில் இருந்துகொண்டு உயரத்துக்கு அலைகிறோம்.

24.10.82, ஞாயிறு

மேட்டில் டிரம் வைத்தாயிற்று. கூரையைவிட எட்டடி உயரம். சுனையிலிருந்து தண்ணீர் தானாக வந்து நிரம்புகிறது. இரும்புக் குழாய் பாறையைத் தாண்டி வீட்டுக்கு இறங்குகிறது.

ஆனால் ஷவரில் பழையபடி சொட்டுத்தான்.

கோபால்சாமி பூவாளியைக் கழற்றி ஓட்டைகளை ஊசியால் குத்தினார். குழாயைக் கழற்றி ஊதினார். துரு இல்லை, அடைப்பு இல்லை. மாலை பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். இவர் சாப்பிடவில்லை. மேட்டில் டிரம் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார்.

பச்சையம்மா இனி ஒரு மாதம்தான் வருவாள். புதூர்நாட்டில் அம்மா வீட்டுக்குப் போகிறாள்.

26.10.82

இன்று மத்தியானம் வீட்டில் யாருமில்லை. படுக்கையில் இருந்தேன். சுவருக்கு வெளியே, மேட்டுப் பக்கம், ஒரு சத்தம். குளுக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. குளுக்.

இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. ஆனால் இதைப் பார்த்திருக்கிறேன். எங்கே?

க்ளூக்கோஸ் ஏற்றும்போது! ட்யூபில் காற்றுக் குமிழி நின்றால், பாட்டில் எவ்வளவு உயரத்தில் தொங்கினாலும் சொட்டு இறங்காது. விரலால் சுண்டிக் குமிழியை மேலே அனுப்பிவிட்டால் சரசரவென்று இறங்கும். எத்தனை நூறு தடவை சுண்டியிருப்பேன்.

நாற்காலியில் ஏறிக் கொல்லைக் கதவுவரை போனேன். அங்கிருந்தே தெரிகிறது. டிரம்மிலிருந்து இறங்குகிற குழாய், பாறைமேல் ஏறி, மறுபடி இறங்குகிறது. ஒட்டகத்தின் முதுகு மாதிரி. அந்த முதுகில்தான் காற்று உட்கார்ந்திருக்கிறது.

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இப்படி எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

31.10.82, ஞாயிறு

கோபால்சாமி முதலில் நம்பவில்லை. "தண்ணி போற எடத்துல காத்துக்கு இன்னா வேல?" என்றார். ஆனாலும் பாறைமேல் குழாயின் உச்சியில் ஒரு சின்னத் திருகு வைத்துக் கொடுத்தார். திறந்தார். புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது குழாய். காற்று வந்துகொண்டே இருந்தது, பிறகு தண்ணீர் துப்பியது. மூடினார்.

ஷவர் என் கையில் துள்ளியது. பிடி தளர்ந்து, சுவர், கூரை, இவர் சட்டை, எல்லாம் நனைந்தது.

"இருவது வருசமா பைப்பு போடறேன். பாட்டில் மருந்த வச்சி எனக்குப் புத்தி சொன்னது நீங்கதாம்மா" என்றார் கோபால்சாமி. பிறகு, "இதுக்குக் கூலி வோணாம், சாப்பாடு போடுங்க" என்று சொல்லி இரண்டு தட்டுச் சாமைச்சோறு சாப்பிட்டார்.

7.11.82

குளிர் ஆரம்பித்துவிட்டது. சுனைத் தண்ணீர் பட்டால் தொடை துடிக்கிறது. அது என் பேச்சைக் கேட்காத துடிப்பு, பலகையிலிருந்து தள்ளிவிடும். வெந்நீர் வேண்டும். இன்னொரு டிரம், அடியில் அடுப்பு. ஒரு குழாயில் வெந்நீர், ஒரு குழாயில் பச்சைத் தண்ணீர், இரண்டும் ஷவருக்கு முன்னால் சேருகிறது. இரண்டு திருகு. கோபால்சாமி வந்து பூட்டிவிட்டார், பெரிய ஓட்டல் மாதிரி.

தீபாவளியன்று

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

விடியற்காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், நானே. பலகையில் ஏறினேன். இரண்டு திருகையும் திறந்து, கையில் விட்டுப் பார்த்தேன், பதமாக இருந்தது. ஷவரைத் தொட்டிக்குள் காலடியில் தொங்கவிட்டுவிட்டுத் தலைக்குச் சீயக்காய் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு. சந்தோஷமாக. பாட்டுக்கூட முனகினேன் என்று நினைக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது தொட்டிக்குள் ஆவி. வலது பாதத்தின்மேல் கொதிக்கிற தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே. யாரோ ஒருத்தியின் கால் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் கொல்லைக் குழாயில் கை கழுவியிருக்கிறார். அந்தக் குழாய்க்கும் தண்ணீர் பச்சைத் தண்ணீர் டிரம்மிலிருந்துதான். அங்கே திறந்ததும் இங்கே பச்சைத் தண்ணீர் குறைந்து வெந்நீர் மட்டும் வந்திருக்கிறது.

பாதம் முழுக்கக் கொப்புளம்.

"நாந்தான். நாந்தான் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கத்தினேன். "போதும், இந்தத் தொட்டியும் வோணாம், ஷவரும் வோணாம், வேலையும் வோணாம். என்ன வுட்டுடுங்க!" பக்கத்து வீட்டில் வெடிச் சத்தம். நான் கத்தினது யாருக்கும் கேட்டிருக்காது.

18.11.82

டாக்டரம்மா கட்டுப் போட்டார். உணர்ச்சி இல்லாத காலில் புண் ஆறுவது மெதுவாகத்தான். திட்டவில்லை. "நல்லவேளை பாதத்தோட போச்சு" என்றார். கையெழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

21.11.82, ஞாயிறு

பச்சையம்மா சொல்லிக்கொள்ள வந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது, குழந்தை தலை கீழே. கை வைத்துப் பார்த்தேன். புதூர்நாட்டு நர்சுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். "சோறு ஆக்கும்போது எனக்குக்கூட கை சுட்டுக்குது நர்சம்மா. அதுக்காக அடுப்ப இடிச்சிட முடியுமா?" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அதிகமாகப் பேசிவிட்டோம் என்று.

அவள் போன பிறகு இவரைக் கூப்பிட்டேன். தீபாவளியிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

"ஏங்க. என்னை நீங்க குளிப்பாட்டறது எனக்கு வேணாம். கோவத்துல சொல்லல. நீங்க எனக்கு ஆயாவா இருக்க வேணாம், வூட்டுக்காரரா இருங்க. அதுக்குத்தான் எனக்கு இந்த ஷவர் வேணும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

22.11.82

வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் சேரவேண்டியது குழாயில் இல்லை. டிரம்மில். இரண்டு குழாய் இருக்கும்வரை ஒன்று எப்போதாவது ஏமாற்றும். ஒரே டிரம், அடியில் அடுப்பு, அதிலேயே பதம் பார்த்து, நெருப்பை இழுத்து அணைத்த பிறகுதான் திறப்பது. அந்த டிரம்மில் பதத்தைவிடச் சூடான தண்ணீர் இல்லவே இல்லை என்றால், குழாயில் எங்கிருந்து வரும்?

இதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் சொன்னது. எது யார் சொன்னது என்று இப்போது தெரியவில்லை.

28.11.82, ஞாயிறு

கோபால்சாமி வந்து வெந்நீர்க் குழாயைப் பிடுங்கி எறிந்தார். மேட்டில் குளியலுக்கென்று சின்ன டிரம், மூன்று கல், அடியில் அடுப்பு. கொல்லைக் குழாய்க்கு வேறு வழி. ஷவரைக் கீழே போடவே வேண்டாதபடி கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கொக்கியும் அடித்தார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

9.12.82

புண் மேலே தோல் மூடிவிட்டது.

12.12.82, ஞாயிறு

இன்று.

இவர் ஆறு மணிக்கே மேட்டில் ஏறி அடுப்பு மூட்டினார். பனி, ஆளே தெரியவில்லை, புகை மட்டும். முழங்கையை விட்டுப் பதம் பார்த்தார், குழந்தைக்குப் பார்ப்பது போல, நான் சொல்லிக்கொடுத்தது. நெருப்பை அணைத்தார். பாறைமேல் திருகைத் திறந்து காற்றை விட்டார்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன்.

"நீலா! தாழ்ப்பாள் வோணாம்!"

"வேணும்."

"வுழுந்துட்டா?"

"வுழுந்தா கத்தறேன். கதவ உடைங்க. எப்படியும் ஒரு தடவ பேத்ததுதானே."

கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அரையாண்டுத் தாள் திருத்த ஆரம்பித்தார்.

நாற்காலியிலிருந்து பலகைக்கு. கால்களைத் தூக்கி உள்ளே விட்டேன். மணிக்கட்டின் உட்புறத்தைத் தண்ணீரில் காட்டினேன், ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணினேன். பிறகுதான் உடம்பில் விட்டேன்.

வெதுவெதுப்பாகத் தலையில் இறங்கியது. கழுத்தில், தோளில், முதுகில். இடுப்புவரைதான் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே கண்ணால் பார்த்தேன். தண்ணீர் தொடைமேல் ஓடி முழங்காலில் பிரிந்து போவதைப் பார்த்தேன். குனிந்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை நானே கழுவினேன். விரல் இடுக்கெல்லாம். ஒன்றரை வருஷமாக இவை என் பாதங்கள் இல்லை, யார் யாரோ கழுவிய பாதங்கள்.

அழுதேனா? தண்ணீரில் தெரியவில்லை.

"நீலா, கீறியா?"

"கீறேன். பேசாம தாளத் திருத்துங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது அவர் மடியில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதிலும் ஒரு மார்க்குகூடப் போடவில்லை.

19.12.82

முப்பத்தைந்து நிமிஷம்.

22.12.82

ஜீப்பில் சேதி வந்தது. பச்சையம்மாவுக்குப் பெண். இருவரும் நலம்.

27.12.82, திங்கள்

டாக்டரம்மா காலை ஏழரைக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குளித்து, புடவை கட்டி, தலை வாரி வந்தேன். எல்லாம் ஐம்பது நிமிஷம். அவர் காபி குடித்துக்கொண்டு பழைய வாரப் பத்திரிகை முழுக்கப் படித்து முடித்திருந்தார்.

பேனாவைத் திறந்தார். "தேதி இன்னிக்கு இருபத்தேழுதானே?" என்றார்.

3.1.83, திங்கள்

ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். பதினாலு கர்ப்பிணிகள். ஒருத்திக்கு ரத்தம் குறைவு, ஒருத்திக்குக் கால் வீக்கம். மேசை உயரம் சரியில்லை, நாற்காலிக் கை இடிக்கிறது. மாற்றச் சொல்லவேண்டும்.

14.3.83, திங்கள்

புளி உலுக்குகிற காலம். புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து பாஞ்சாலை என்று ஒரு பெண், ஆறு மாதம். அவள் பரிசோதனைக்கு வந்தவள். கூடவே கயிற்றுக் கட்டிலில் புருஷனையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சடையன், முப்பது வயது இருக்கும். போன செப்டம்பர் கடைசியில், கிளை கழிக்கப் புளியமரம் ஏறி விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

பாஞ்சாலை பேசிக்கொண்டே இருந்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஆறு மாசமா இதே மாரிதான். யார்கிட்டயும் பேசறதில்ல" என்றாள்.

அவளைச் சோதித்து முடித்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன். சக்கரச் சத்தம் கேட்டுத் திரும்பினான். நாற்காலியைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். என் ஈரத் தலையைப் பார்த்தான்.

"குளிக்கறது?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

"நானேதான்."

"கூட யாரு?"

"யாரையும் உள்ள வுடறதில்ல."

 தொட்டியெல்லாம் தேவையில்லை, நாற்காலி உயரத்துக்கு ஒரு கல் திண்டு, மேட்டில் ஒரு டிரம், ஒரு நீள ரப்பர் ட்யூப் போதும் என்று பாஞ்சாலைக்கு விவரமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நாற்காலிக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். காகிதத்தில் படம் வரைய ஆரம்பித்தேன்.

வரைந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், சடையன் கட்டிலிலிருந்து கையை நீட்டி, என் நாற்காலியின் உயரத்தைத் தரையிலிருந்து சாண் சாணாக அளந்துகொண்டிருந்தான்.